ஐப்பசியில் அடித்த லாக்கர்

ஐப்பசி மாதம் முழுக்கக் காவிரியில் முழுக்குப் போடுவது என் வழக்கம். விடிகிறதற்கு முன்பே அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கி, ரெங்கா ரெங்கா என்று மூன்று முழுக்கு. பெருமாளைச் சேவித்துவிட்டுத் திருச்சிக்கு பஸ் ஏறுவேன். பஸ்ஸுக்கு பாடி கட்டும் ஒரு பட்டறையில் பெயிண்ட் அடிப்பவன் நான். அப்படிப்பட்ட ஒரு ஐப்பசியில்தான் என் அண்ணனுக்கு அந்தக் கெடுதலைச் செய்தேன். அறுபதுகளின் நடுவில் நடந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது?

அண்ணன் என்னைவிட ஆறு வயது பெரியவர். தச்சு வேலை தெரிந்தவர். அண்ணி பிரசவத்தில் போன பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டோடு வந்து தங்கிவிட்டார். சம்பாத்தியம் கிடையாது. ஆனால் ரேஷன் கடை வரிசை, மண்ணெண்ணெய், குழாயடித் தண்ணீர், பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவது எல்லாம் அவர்தான். எங்களுக்கு அது பழகிப்போயிற்று. அவர் தட்டில் மட்டும் அளந்து அளந்துதான் போடுவோம்.

முன்பு பொன்மலையில் ஒரு ரயில் டிரைவர் வீட்டுக்கு மரவேலைக்குப் போனவர், அங்கே உடைந்து கிடந்த கிட்டாரை ஒட்டிக் கொடுத்து, அதை வாசிக்கவும் கற்றுக்கொண்டிருந்தார். அந்த வருஷம் தானே ஒரு கிட்டார் செய்ய ஆரம்பித்தார். பின்பக்கத்துக்குப் பலா. முன்பக்கத்துக்குப் பார்சல் பெட்டியின் வெள்ளைப் பலகையை இழைத்து இழைத்து அப்பளம் மாதிரி ஆக்கினார். நாலு மாதம் கொல்லையில் அதே வேலை.

என் மனைவி அவர் காதில் விழும்படியாகவே கேட்டாள். "கொல்லையில என்ன, பொணப்பெட்டியா செய்யறாங்க?"

"பொணம் பாடாதும்மா. இது பாடும்" என்றார் அண்ணன், இழைப்புளியை நிறுத்தாமல்.

ஊர் ஊராகப் போகக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு நாடகக் குழுவில் கிட்டார் வாசிக்க ஆள் தேடினார்கள். வாத்தியம் சொந்தமாக இருக்க வேண்டும், மேடை வெளிச்சத்தில் பளிச்சென்று தெரிய வேண்டும், ஞாயிற்றுக்கிழமை கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். எடுத்துக்கொண்டால் சாப்பாடும் தங்க இடமும் அவர்களே கொடுத்துவிடுவார்கள். அண்ணன் எங்கள் வீட்டை விட்டுப் போய்விடலாம்.

"அவரு போயிட்டா ரேஷன் கடையில யாருங்க நிக்கறது? நீங்களா?" என்றாள் மனைவி. எனக்கும் அதே நினைப்புதான்.

அண்ணன் ஸ்பிரிட்டில் அரக்கை ஊறவைத்து ஒரு பாட்டிலில் தயாராக வைத்திருந்தார். துணிப்பந்தில் தொட்டுத் தேய்த்துத் தேய்த்து ஏற்றுகிற பாலிஷ். ஆனாலும் என்னைக் கேட்டார்.

"தம்பி, இது கொஞ்சம் செவப்படிக்குது. உங்க பட்டறையில நெறமே இல்லாத லாக்கர் வார்னிஷ் இருக்குன்னியே, அது எப்படி? மரத்து ரேகை அப்படியே தெரியுமில்ல?"

"லாக்கர்தாண்ணே. அரக்கெல்லாம் நாற்காலிக்கு."

"மழையா இருக்கே, ஒண்ணும் ஆகாதே?"

"பஸ்ஸுக்கே அடிக்கிறோம். இதுக்கு என்ன ஆகப்போவுது?"

சுத்தப் பொய். அந்த லாக்கர் சீக்கிரம் உலர்கிற சரக்கு. மழைக்காற்றில் அடித்தால் ஈரத்தை இழுத்துக்கொண்டு, உலரும்போதே பாலாடை படர்ந்த மாதிரி வெளுத்துவிடும். மழை நாளில் பட்டறையில் அந்த டின்னின் மூடியைத் திறக்கவே மாட்டோம். அப்படி வெளுத்தாலும் பொருள் வீணாகிவிடாது. நல்ல வெயில் நாளில் மேலாகப் பெயிண்ட் கரைக்கிற தின்னரைப் புகைபோல ஒரு தடவை அடித்தால் லாக்கர் இளகித் தெளிந்துவிடும். இரண்டும் எனக்குத் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம், கொல்லைத் தாழ்வாரத்தில், கொசுமருந்து பம்பைக் கழுவி அதில் லாக்கரை ஊற்றி நானே அடித்தேன். வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. முதலில் பலாவின் மஞ்சள் ரேகை ஒவ்வொன்றும் எழுந்து நின்றது. "தண்ணிக்குள்ள கெடக்குற மாதிரி இருக்குடா தம்பி" என்று அண்ணன் குழந்தை மாதிரி சிரித்தார். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் ஓரத்தில் வெள்ளை கண்டது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே முன்பக்கம் முழுதும் பரவிவிட்டது. அவர் பதறிப்போய்க் கையால் துடைத்தார். விரல் ஐந்தும் அதில் அப்படியே பதிந்துவிட்டன.

"என்ன தம்பி இது?"

"மரம் சரியில்ல. தெருவுல கெடந்த பெட்டியைப் பொறுக்கிச் செஞ்சா அப்படித்தான் இருக்கும்."

"அரக்கே போட்டிருக்கலாமோ?"

"எதைப் போட்டா என்ன? உங்க கைராசி அப்படி. நீங்க தொட்டது எது உருப்பட்டிருக்கு?"

அண்ணியைத்தான் சொல்கிறேன் என்று அவருக்குப் புரிந்தது. விரலில் ஒட்டிய லாக்கரை வேட்டியில் துடைத்துக்கொண்டார். நான் கைகால் கழுவிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சந்நிதியில் நின்றபோது மனசு கொஞ்சம்கூட உறுத்தவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் பயமாக இருக்கிறது.

மறுநாள் அவர் அதை ஒரு பழைய வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். ஒரு மணி நேரத்தில் திரும்பிவிட்டார்.

"வாசிச்சீங்களா?" என்றாள் மனைவி.

"வாசிக்கவே சொல்லலம்மா. வெண்குஷ்டம் புடிச்ச கிட்டாரை மேடை ஏத்தினா முன்வரிசை எந்திரிச்சு ஓடிடும்னாரு குழுக்காரரு."

மனைவி சிரித்தாள். நானும் சிரித்தேன். திங்கட்கிழமை அண்ணன் வழக்கம்போல ரேஷன் கடைக்குப் போய் நின்றார்.

தை மாதம் பட்டறை ஆள் ஒருவர் ஏதோ வேலையாக வீட்டுக்கு வந்தார். மூலையில் இருந்த கிட்டாரைப் பார்த்துவிட்டு அண்ணனிடம், "என்னங்க, இதை இப்படியே வச்சிருக்கீங்க? வெயில்ல வச்சு ஒரு கை தின்னர் அடிச்சா தெளிஞ்சிடுமே. உங்க தம்பி இதுல புலியாச்சே!" என்றார்.

அவர் போகும்வரை அண்ணன் காத்திருந்தார்.

"உனக்குத் தெரியுமா தம்பி?"

"தெரியும்."

"மழையில அடிக்கக் கூடாதுன்னும்?"

"தெரியும். இப்பவே சரி பண்ணித் தரேண்ணே. அஞ்சு நிமிஷ வேலை."

"குழு போயி மூணு மாசம் ஆச்சே" என்றார். "நான் இங்கேயே இருக்கணும், அவ்வளவுதானே உனக்கு? வாயைத் திறந்து கேட்டிருந்தா இருந்திருப்பேனே" என்றார்.

அந்த வாரமே தொட்டியத்தில் லாரிக்கு வாழைத்தார் ஏற்றுகிற வேலைக்குப் போய்விட்டார். கிட்டாரை எடுத்துப்போகவில்லை.

கூட்டிக்கொண்டு வரலாம் என்று ஆறு மாதம் கழித்துப் போனேன். தோளெல்லாம் வாழைக்கறை. மெலிந்திருந்தார். என்னைக் கண்டதும் தாரை இறக்கி வைத்துவிட்டு வந்து, பிள்ளைகளைப் பற்றி ஒவ்வொன்றாக விசாரித்தார். டீ வாங்கிக் கொடுத்தார். கூட வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு, "என் தம்பி. பெயிண்ட் வேலை. ரொம்பக் கெட்டிக்காரன்" என்றார். அதில் குத்தல் ஏதுமில்லை. குத்தியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

லாரிக்காரன் ஹாரன் அடித்தான். "பார்த்துப் போ தம்பி" என்று சொல்லிவிட்டுத் தாரைத் தூக்கிக்கொண்டார். வீட்டுக்கு வாங்க என்று கூப்பிடப் போனவன், கூப்பிடாமலே பஸ் ஏறினேன்.