சிவப்பில் இருந்ததை விற்றவர்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ், மதியம். ஷிப்ட் முடிந்து சிப்காட்டில் ஏறிய இருவர் என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். மாமாவும் மாப்பிள்ளையும்.

மாமாவின் கையிலிருந்த போன் எனக்கும் தெரிந்தது. பங்குச்சந்தை விழாது என்று பந்தயம் கட்டுவது போல, ஆப்ஷன் விற்றிருக்கிறார். சந்தை விழுந்தாலும் நஷ்டம் ஓர் எல்லையோடு நிற்க, பாதுகாப்புக்கு இன்னொன்றை வாங்கியும் வைத்திருக்கிறார். இன்று சந்தை ஏறியதால் விற்றது லாபம் காட்டும் பச்சையில், வாங்கியது நஷ்டம் காட்டும் சிவப்பில்.

"இந்த செவப்ப எதுக்கு வச்சிக்கிட்டு மாப்ள? தூக்கிட்டா லாபம் மட்டும் நிக்கும்."

"பாதுகாப்ப தூக்குனா ஆப்ல டெபாசிட் ஜாஸ்தி கேக்குதே மாமா."

"பாப்பா காலேஜ் பீசு இருக்குல்ல, அத போடுறேன். சாயங்காலம் எடுத்துடலாம்."

தெரியாதவர்களிடம் நான் பேசுவதே இல்லை. ஆலப்பாக்கம் வந்ததும் பொறுக்க முடியவில்லை.

"அண்ணா, அத விக்காதீங்க. அது இருக்கிறதாலதான் நஷ்டம் ஒரு எடத்துல நிக்கும்."

"இதுல நீ எவ்ளோ சம்பாதிச்சிருக்கம்மா?"

"பண்றதில்லண்ணா. காலேஜ்ல படிச்சேன்."

"படிச்சவங்களும் நம்ம பஸ்லதான் வராங்க மாப்ள."

இருவரும் சிரித்தார்கள். மாமா போனிலேயே பீஸ் பணத்தைப் போட்டார், சிவப்பை விற்றார்.

புதுச்சத்திரம் தாண்டியதும் சந்தை இறங்க ஆரம்பித்தது. சிதம்பரம் வருவதற்குள் பச்சை போய், பீஸ் பணமும் கரைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இறங்கும்போது மாமா என்னிடம் கேட்டார்: "இது எங்க போயி நிக்கும்மா?"

"தெரியலண்ணா" என்றேன். யாருக்கும் தெரியாது. அதனால்தான் அந்தச் சிவப்பைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள்.

உங்களிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?