இரண்டு உயரத்துக்கும் ஒரே கார்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் அவளைக் குண்டூசி என்றுதான் கூப்பிடுவார்கள். ஆள் சின்னவள், பிழைப்பும் ஊசிப் பிழைப்பு. காலையில் வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்துவந்து கூடத்தில் ஒப்படைப்பது அவள் வேலை. நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே வேலையை முடித்துவிடுவாள். "முடிஞ்சுதுங்க" என்று அவள் பஞ்சை வைத்து அழுத்தும்போதுதான் ஊசி போட்டதே பலருக்குத் தெரியவரும்.

கணவன் விளக்கும் மின்விசிறியும் மாட்டுகிறவன். அவனுக்கு ஏணி என்று பெயர். காரணம் சொல்லத் தேவையில்லை. அவனை ஒருமுறை அண்ணாந்து பார்த்தால் போதும். கல்யாணப் படம் எடுக்கும்போது அவளை ஒரு மரப்பெட்டி மேல் நிற்க வைத்தார்கள். இல்லாவிட்டால் படத்தில் அவள் கொண்டை மட்டும்தான் விழுந்திருக்கும்.

மழைக்காலத்தில் ஒரு நாள் அவள் ஸ்கூட்டர் குழியில் இறங்கிச் சரிந்தது. அவளுக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். ஆனால் ரத்தக் குப்பிகள் இருந்த பெட்டி தண்ணீரில் மூழ்கி, ஒட்டியிருந்த பெயரெல்லாம் கரைந்துபோனது. எது யாருடைய ரத்தம் என்று அந்த ஆண்டவனுக்கே தெரியாது. பழைய குருடி கதவைத் திறடி என்று, போன வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய் மறுபடியும் குத்த வேண்டியதாயிற்று. எல்லோரும் முனகினார்கள். ஓய்வுபெற்ற தலைமையாசிரியை ஒருவர் மட்டும் வாசற்கதவையே திறக்கவில்லை.

"ஒரு தடவை குத்தினது போதாதா? எனக்கு என்ன சல்லடையா கை?" என்று உள்ளேயிருந்து சத்தம் போட்டார். பள்ளிக்கூடத்தையே நடுங்கவைத்த குரல் அது. ஆனால் ஊசியைக் கண்டால் அந்த அம்மாவுக்குக் குழந்தைகளைவிடப் பயம்.

சாயங்காலம் குண்டூசி தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, ஒரு கார் வாங்கிடலாம்."

"யார் ஓட்டுறது?"

"நான்தான். லைசென்ஸ் சும்மாதானே கிடக்கு."

கல்யாணத்துக்கு முன்னால் வாங்கிய லைசென்ஸ் அது. அன்றைக்கு முதுகுக்கு ஒன்றும் அடியில் ஒன்றுமாக இரண்டு தலையணை வைத்து ஓட்டிக் காட்டியிருந்தாள். ஏணிக்கு ஓட்டத் தெரியாது. ஒருமுறை கற்றுக்கொள்ளப் போனவன், ஸ்டியரிங்குக்கும் இருக்கைக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு, இரண்டு பேர் இழுத்துத்தான் வெளியே வந்தான்.

கார் என்றதும் அவளுடைய அண்ணன் வந்து சேர்ந்தார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. கார் பற்றிப் பேசத் தெரியும். பழைய கார்தான் வாங்க வேண்டும் என்பது அவர் கட்சி.

"புதுக் கார்ங்கிறது ஷோரூம் வாசல் வரைக்கும்தான்மா புதுசு. தெருவுல இறங்கிட்டா அதுவும் பழசுதான். அந்த நாலடி தூரத்துக்கு எதுக்கு அவ்வளவு காசு கொட்டிக் கொடுக்கணும்?"

"அப்போ நீ செருப்பும் பழசாவே வாங்கிக்கோயேன் அண்ணா."

அவள் அப்படி வெடுக்கென்று சொன்னதற்குக் காரணம் இருந்தது. வீட்டில் அவள் கடைக்குட்டி. பள்ளிச் சீருடை, சைக்கிள், குடை என்று எல்லாமே இரண்டு அக்காமார் உடம்பையும் கையையும் தாண்டித்தான் அவளுக்கு வந்தன. பெரியக்கா போட்டுக் கழித்த மூக்குக் கண்ணாடியின் சட்டத்தில்கூடப் புதுக் கண்ணாடி மட்டும் மாற்றிக் கொடுத்தார்கள். ஒரு பொருளின் மேல் முதல் கீறல் தன்னுடையதாக இருக்க வேண்டும் என்று அவளுக்கு ஓர் ஆசை. அதை வெளியே சொன்னால் சிறுபிள்ளைத்தனமாக இருக்கும் என்று, "வாரண்டி இருக்கும் அண்ணா" என்று மட்டும் சொன்னாள்.

ஏணி எந்தக் கட்சியிலும் சேரவில்லை. "உள்ள உக்கார முடிஞ்சா போதும்" என்றான்.

அதுதான் பெரிய பாடாகிப் போனது.

ஷோரூமில் டை கட்டிய இளைஞன் முதலில் ஒரு சின்னக் காரைக் காட்டினான். குண்டூசிக்கு அது அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது. ஸ்டியரிங் கைக்கு எட்டியது, பெடல் காலுக்கு எட்டியது, எதிரே சாலையும் தெரிந்தது. புது இருக்கையின் வாசனையை அவள் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தாள். பக்கத்தில் ஏணி உட்கார்ந்ததும் அந்தச் சந்தோஷம் அரைகுறையானது. இருக்கையைக் கடைசி வரை பின்னால் தள்ளியும் அவன் முழங்கால் தாடையைத் தொட்டது. கூரை இடித்ததால் தலையைத் தோளில் சாய்த்து, யாரோ காதில் ரகசியம் சொல்வதைக் கேட்பவன் போல இருந்தான்.

"வசதியா இருக்கா சார்?"

"இருக்கு தம்பி. கழுத்தை மட்டும் வீட்டுல வச்சுட்டு வரணும்."

அடுத்து ஒரு பெரிய காரைத் திறந்தான். அதில் ஏணி ராஜா மாதிரி காலை நீட்டிக்கொண்டான். இளைஞன் ஏதோ எடுத்துவரப் போய்த் திரும்பி வந்து ஜன்னலில் குனிந்து, "மேடம் எங்க சார் போனாங்க?" என்று கேட்டான்.

"இங்கதான் இருக்கேன்" என்று ஸ்டியரிங்குக்குக் கீழேயிருந்து குரல் வந்தது.

அந்தக் காரின் மாதத் தவணையை இளைஞன் சொன்னதும் ராஜாவின் முதுகு தானாக நிமிர்ந்து, தலை அந்த உயரமான கூரையிலும் இடித்தது. இருவரும் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு வெளியே வந்தார்கள்.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்று அண்ணன் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர்களைத் தனக்குத் தெரிந்த பழைய கார் வியாபாரியிடம் கூட்டிப்போனார். மைதானம் நிறையக் கார்கள். வியாபாரி தேன் ஒழுகப் பேசினார். எந்தக் காரைக் காட்டினாலும் அது ஒரு டாக்டருடையது, அவர் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் வெளியே எடுப்பார்.

"இத்தனை டாக்டரும் வாரம் முழுக்க நடந்தா போறாங்க?" என்று குண்டூசி ஏணியின் முழங்கையிடம் கிசுகிசுத்தாள். அவன் காது அவளுக்கு எட்டாது.

அண்ணன் ஒரு வெள்ளைக் காரின் மேல் கையை வைத்து, "இதுதான்மா. இன்ஜின் சத்தத்தைக் கேளு, வீணை மாதிரி இருக்கு" என்றார். உள்ளே வாசனைத் தைலம் கமகமவென்று மூக்கைத் துளைத்தது. தரைவிரிப்பு புத்தம்புதிது. ஏணி பின்னால் ஏறி உட்கார்ந்து, சற்று நேரத்தில் இறங்கினான். உச்சந்தலை முடி நனைந்து ஒட்டியிருந்தது. வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

"ஏங்க, தலை ஏன் ஈரமா இருக்கு?"

"வேர்வைம்மா, வேர்வை" என்று வியாபாரி முந்திக்கொண்டார். "ஏசி போட்டா ஐஸ் மாதிரி ஆயிடும்."

அண்ணன் முன்னிருக்கையில் சாய்ந்துகொண்டு, "போடுங்க, பார்ப்போம்" என்றார். ஏசி ஒரு முறை விக்கியது, இரு முறை இருமியது. பிறகு கூரைத் துணியின் ஓரத்திலிருந்து பழுப்புத் தண்ணீர் ஒரு கோடாக இறங்கி அவருடைய இஸ்திரிச் சட்டையில் விழுந்தது. முந்தின வார மழை முழுவதும் அந்தக் கூரைக்குள் குடித்தனம் இருந்திருக்கிறது.

"வீணை கேட்டாச்சு மச்சான், கச்சேரி போதும், எறங்குங்க" என்றான் ஏணி. அதன்பிறகு ஒரு வாரம் கார் என்ற சொல் அவர் பக்கமிருந்து வரவில்லை.

அந்த வாரத்தில்தான் தலைமையாசிரியை வீட்டுக்கு வழக்கமான பரிசோதனைக்கு ரத்தம் எடுக்கப் போனாள் குண்டூசி. இந்த முறை கதவைத் திறந்துவிட்டவர், முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, "எதையாவது பேசிக்கிட்டே இரு" என்று உத்தரவு போட்டார். அவள் மரப்பெட்டியில் ஏறிப் படமெடுத்துக்கொண்டதில் தொடங்கி அண்ணனின் சட்டை வரைக்கும் சொன்னாள். அந்த அம்மா சிரித்த சிரிப்பில் ஊசி நழுவிவிடுமோ என்று அவளுக்கே பயம் வந்துவிட்டது.

பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு தலைமையாசிரியை சொன்னார்: "வெளியில ஷெட்டுல என் கார் நிக்குது. கண் டாக்டர் இனிமே ஓட்டக் கூடாதுன்னுட்டார். எதிர்ல வர்றவன் மூஞ்சி தெரியல எனக்கு. வந்து பாரேன். நானும் உன் உயரம்தான். சீட்டை உயர்த்தி வச்சிருக்கேன்."

குண்டூசிக்கு உள்ளுக்குள் சப்பென்று ஆகிவிட்டது. மறுபடியும் யாரோ போட்டுக் கழித்த சட்டையா? ஆனால் ஏணியிடம் சொன்னபோது அவன், "பார்க்கிறதுக்கு என்ன? பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லு. உன்னை யாரும் மாட்டிக்கச் சொல்லலையே" என்றான். அது அவளுக்கு நியாயமாகப் பட்டது. சின்ன வயதில் பிடிக்கவில்லை என்று சொல்லும் வசதி அவளுக்கு இருந்ததில்லை.

தெருமுனை மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போனார்கள். கார் நீளத்தில் குட்டைதான், ஆனால் கூடையைக் கவிழ்த்தது போலக் கூரை உயர்ந்த வகை. ஓட்டுநருக்குப் பக்கத்து முன்னிருக்கையைத் தலைமையாசிரியை நன்றாக முன்னால் இழுத்துக்கொண்டு அமர, அவருக்குப் பின்னால் ஏணி உட்கார்ந்தான். தலை நிமிர்ந்தே இருந்தது. அவன் அதை நம்ப முடியாமல் கூரைக்கும் தலைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழைத்துப் பார்த்துக்கொண்டான்.

"ஓட்டத் தெரியுமா?" என்றார் தலைமையாசிரியை.

"லைசென்ஸ் இருக்கும்மா."

"நான் கேட்டது அது இல்லை."

குண்டூசி வண்டியை எடுத்தாள். தெருவைத் தாண்டுவதற்குள் தலைமையாசிரியை கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு, "பிரேக்! பிரேக்!" என்று கத்த ஆரம்பித்துவிட்டார். அவளுக்கு எந்தப் பெடல் எது என்றே குழம்பியது. ஆனால் எத்தனை வீட்டில் எத்தனை பேரைச் சமாளித்த வாய் அது. தானாகவே வந்தது:

"கையை இறுக்காதீங்கம்மா. லூசா விடுங்க. மூச்சை நல்லா இழுத்து விடுங்க. அந்தப் பக்கம் மரத்தைப் பாருங்க."

"முடிஞ்சுதா?"

"இதோ, ஒரே ஒரு திருப்பம்தான்."

இதைச் சொல்லச் சொல்ல அவளுடைய பதற்றமும் அடங்கிப்போனது. மேட்டில் ஏறும்போதுதான் வண்டி குலுங்கி அணைந்தது. பின்னால் ஒரு பஸ், விடாமல் ஹாரன் அடித்தது. தலைமையாசிரியை கண்ணாடியை இறக்கி, தலையை வெளியே நீட்டி, "சத்தம் போடாதே!" என்று ஓர் அதட்டல் போட்டார். ஹாரன் சட்டென்று நின்றது. பஸ்ஸுக்குள்ளும் கப்சிப்.

"அவன் நிப்பான். நீ நிதானமா எடு" என்றார் உள்ளே திரும்பி. அவள் நிதானமாக எடுத்தாள். வண்டி பின்வாங்காமல் மேட்டில் ஏறியது. பின்னிருக்கையில் ஏணி கைதட்டினான்.

வண்டி ஷெட்டுக்குத் திரும்பியதும் மெக்கானிக் அடியில் படுத்து, மூடியைத் திறந்து, எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தார். டயர் மாற்ற வேண்டும், கிளட்ச் இன்னும் கொஞ்ச நாள்தான் வரும், மற்றபடி வண்டி யோக்கியமானது என்றார். கடைசியில் பேரம் பேச அண்ணனை வரவழைத்தார்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வந்தார். தலைமையாசிரியை விலையைச் சொல்லிவிட்டு அவரை ஒரு பார்வை பார்த்தார். "சரிங்க டீச்சர்" என்று அண்ணன் கையைக் கட்டிக்கொண்டார்.

அவள் யோசித்து யோசித்துப் பார்த்தாள். கதவில் வேறொருவருடைய கீறல் இருந்தது. ஆனால் இது தலையில் வந்து விழுந்த பொருள் இல்லை. ஊரெல்லாம் ஏறி இறங்கி, வேண்டாததை வேண்டாம் என்று சொல்லி, தானே பார்த்து எடுத்தது. "எனக்குப் பிடிச்சிருக்கு" என்று சத்தமாகவே சொன்னாள்.

சாவி வாங்கப் போன அன்று, தலைமையாசிரியை காருக்குள்ளிருந்த தன் குடையையும் சால்வையையும் எடுத்துக்கொண்டார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டு, ஸ்டியரிங்கில் கை வைத்து அப்படியே உட்கார்ந்திருந்தார். குண்டூசிக்கு மனசு கேட்கவில்லை. ஜன்னலருகே போய், "இன்னிக்கு வேணாம்மா. அடுத்த வாரம் வந்து எடுத்துக்கறேன்" என்றாள்.

"வேணாம், இப்பவே எடுத்துட்டுப் போ." அவர் இறங்கிக் கதவைப் பிடித்துக்கொண்டார். "உன் ஊசி மாதிரிதான் இதுவும். பார்த்துக்கிட்டே இருந்தா வலி ஜாஸ்தி."

சொன்னபடியே முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். கார் கேட்டைத் தாண்டும் வரை திரும்பவில்லை.

இப்போது காலையில் இருவரும் சேர்ந்தே கிளம்புகிறார்கள். முன்னிருக்கையில் ரத்தப் பெட்டி, பின்னிருக்கையில் ஏணி. அவளுடைய வட்டாரம் நகரத்துக்கு வெளியே புதுக் குடியிருப்புகள் வரை நீண்டுவிட்டது. அங்கே எல்லா வீட்டிலும் ஏதாவது ஒரு விளக்கு மாட்டப்படாமல் இருக்கும். அவனுக்கும் வேலை கிடைத்துவிடுகிறது. அந்தக் குடியிருப்புக் காவலாளிகள் ஏணியைப் பார்த்து விறைப்பாக சல்யூட் அடிக்கிறார்கள். முன்னால் ஒரு பெண் ஓட்ட, பின்னால் காலை நீட்டிச் சாய்ந்து வருகிறவர் பெரிய மனிதராகத்தான் இருக்க வேண்டும் அல்லவா?

போன வாரம் ஒரு வீட்டில் அவனைத்தான் முதலில் வரவேற்றார்கள். "வாங்க டாக்டர், உக்காருங்க" என்று நாற்காலி போட்டு, சட்டைக் கையை மடித்துவிட்டுக் கையை அவன் பக்கம் நீட்டினார் வீட்டுக்காரர். ஏணி பதறிப்போய், "ஐயோ, நான் ஃபேன் மாட்டறவன்ங்க" என்றான். நீட்டிய கையைக் குண்டூசி வாகாகப் பிடித்துக்கொண்டாள்.

"அவர் அப்படித்தாங்க, ரொம்ப அடக்கம்" என்று சொல்லிக்கொண்டே ஊசியை இறக்கினாள்.