பத்துக் குமிழும் ஏகாம்பரத்தின் துண்டும்

மார்ச் பத்தாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று பதினேழு. வெயில் முப்பத்து நான்கு டிகிரி, காற்று அசையவில்லை. அம்பத்தூரில் காது பரிசோதிக்கும் இடத்தில், கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் இருபத்து மூன்று நிமிடம் உட்கார்ந்துவிட்டு வெளியே வந்தேன். சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். நாற்பத்தொரு முறை அழுத்தினேன். எத்தனை முறை அழுத்தாமல் விட்டேன் என்பதுதான் தெரியவில்லை. கேட்காததை எப்படி எண்ணுவது?

பரிசோதித்த பெண் ஒரு தாளை நீட்டினாள். மேலே இடமிருந்து வலமாக எண்கள்: 250, 500, 1000, 2000, 4000, 8000. அவற்றுக்குக் கீழே ஒரு கோடு. ஆயிரம் வரை ஒழுங்காக நடந்து வந்த கோடு, அதன் பிறகு செம்பரம்பாக்கம் ஏரிக்கரையிலிருந்து ஆள் சறுக்கி விழுவதைப் போலக் கீழே போயிருந்தது. அந்த எண்களை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். அந்தக் கோட்டையும்தான். இரண்டும் என் வீட்டுக் கூடத்தில் தரையில் கிடந்தன, கோடு மட்டும் தலைகீழாக. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"ஏசி ஜாஸ்தியா இருக்கா சார்?" என்றாள் அந்தப் பெண்.

தரையில் கிடந்தது ஈக்வலைசர் பெடல். கிடார்காரர்கள் காலால் மிதிக்கிற பெட்டி. சோப்பு டப்பாவைவிடக் கொஞ்சம் பெரிது. அதன் முதுகில் மேலும் கீழும் நகரும் பத்துக் குமிழ்கள். முதல் குமிழின் கீழ் 31 என்று எழுதியிருக்கும். அடுத்தடுத்து ஏறக்குறைய இரட்டித்துக்கொண்டே போய், பத்தாவதில் பதினாறாயிரம். இடப்பக்கம் இருப்பவை ஒலியின் வயிறு, வலப்பக்கம் இருப்பவை அதன் பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மவுத் ஆர்கனை மைக்கில் வாசித்தால் பற்கள்தான் முதலில் தெரியும். இரண்டாயிரத்துக்கு மேலே கொஞ்சம் இறக்கி, நூற்றிருபத்தைந்தையும் இருநூற்றைம்பதையும் கொஞ்சம் ஏற்றினால், உள்ளங்கையில் அடங்குகிற அந்தப் பித்தளைத் துண்டு மார்பு அகன்ற மனிதனைப் போலப் பேசும். ஒரு நெல்லளவு நகர்த்தினால் போதும். ஆவடி தொழிற்சாலையில் இன்ஸ்பெக்டராக, அளவுக்கருவிகளோடு முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தவன் நான். இவ்வளவு சின்ன நகர்வுக்கு இவ்வளவு பெரிய மாறுதலை வேறெங்கும் கண்டதில்லை.

இந்த வயதில் எதற்கு இதெல்லாம் என்பீர்கள். ஆவடி குவார்ட்டர்ஸில் ஒன்றாக இருந்தவர்கள் பூந்தமல்லியில் ஒரு மண்டபத்தில் கூடுவதாக ஏற்பாடு. "நீங்க ஒரு பாட்டாவது வாசிக்கணும்" என்று கேட்டார்கள். மவுத் ஆர்கன் பெட்டியைத் திறந்தேன். பித்தளை வாசனையோடு, இரும்பைக் கடையும்போது ஊற்றுகிற கட்டிங் ஆயில் வாசனையும் வந்தது. வேலை முடிந்து கை கழுவியும் போகாத வாசனை அது. ஒத்திகைக்கு நேராகப் போனால் விரலிலிருந்து ஒட்டிக்கொள்ளும்.

ஒத்திகை என்றால் ஏகாம்பரம். கள்ளிக்குப்பத்தில் நெல் போட்ட குடும்பம். இவன் மட்டும் மைக் செட் வைத்தான். குவார்ட்டர்ஸ் மன்றத்து விழா எல்லாவற்றுக்கும் அவன்தான். அவன் ஆம்ப்ளிஃபயரில் ட்ரெபிள், பேஸ் என்று இரண்டே குமிழ்கள். அதைத் திருப்பப் பையன் ஒருவனை உட்காரவைத்துவிட்டு, இவன் கடைசி பெஞ்சுக்குப் பின்னால், வேர்க்கடலை வண்டிப் பக்கத்தில் போய் நின்றுகொள்வான். அங்கிருந்து துண்டால் சைகை. துண்டைத் தூக்கினால் இன்னும் வேண்டும். முழங்காலுக்குக் கீழே வீசினால் ட்ரெபிளைக் குறை. தலையில் போட்டுக்கொண்டால் நிறுத்து, சனியனே. தோளில் போட்டுக்கொண்டு கடலை தின்ன ஆரம்பித்தால் எல்லாம் சரி.

"மேடைல கீறவனுக்கு இன்னா தெரியும் இன்ஸ்பெக்டரே? உன் மூஞ்ச நீயே பாத்துக்க முடியுதா? துண்டப் பாத்துகினு ஊது."

முதல் பொங்கல் விழாவில் நான் ஊதியதும் மைக் கூவியது. துண்டு தலைக்குப் போயிற்று. ஓடிவந்து, மைக்கின் மேல் என் கைக்குட்டையை இரண்டு மடிப்பாகச் சுற்றி, ட்ரெபிளைத் திருகிவிட்டு மறுபடி ஓடினான். அடுத்த மூச்சில் வந்த ஒலி என்னுடையது என்று எனக்கே நம்பிக்கை வரவில்லை. பதினெட்டு வரிசை ஜனம். கைக்குழந்தை ஒன்றுகூட அழவில்லை. அந்த ஒலி மறுபடி வேண்டும் என்பதுதான் என் ஆசை.

பெடலை வாங்கிவந்து, மைக்குக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே மாட்டி, ஒன்பது நாள் அதோடு உட்கார்ந்தேன். ஒவ்வொரு குமிழும் நின்ற இடத்தை நோட்டில் கோடாக வரைந்துவைத்தேன். அறுபத்து மூன்றாவது கோட்டில், இரண்டாயிரமும் நாலாயிரமும் எட்டாயிரமும் உச்சிக்குப் போனபோது, அந்தப் பழைய ஒலி அப்படியே வந்தது. என் மனைவி சரோஜா வடகம் பார்க்கவென்று மாடிக்குப் போய்விட்டாள். மாடியில் வடகம் எதுவும் காயவில்லை.

ஏகாம்பரத்தை வரச்சொன்னேன். எழுபத்தாறு வயதிலும் அதே மாதிரி ஒரு துண்டு. நான் நாலு அடி வாசிப்பதற்குள் துண்டு தலைக்குப் போயிற்று.

"இன்னா இன்ஸ்பெக்டரே, தகரத்த ஆணில கீசறாமாரி கீது" என்று சொல்லி, குனிந்து, கட்டைவிரலால் வலப்பக்கத்துக் குமிழ்களையெல்லாம் கீழே இழுத்தான். "இப்ப ஊது."

ஊதினேன். கம்பளிக்குள் யாரோ முனகுவதைப் போலிருந்தது. சரோஜா சமையலறை வாசலில் வந்து நின்றாள். "இப்பதாங்க காதுக்கு இதமா இருக்கு" என்றாள்.

"ரெண்டு பேருக்கும் காது போச்சு" என்றேன்.

"யாருக்கு?" என்றான் ஏகாம்பரம்.

சரோஜா கோபப்படவில்லை. "குக்கர் வச்சிருக்கேனே, இதுவரைக்கும் எத்தன விசில் வந்துச்சு, சொல்லுங்க."

"ரெண்டு."

"அஞ்சு. அடுப்ப அணைச்சே பத்து நிமிஷமாச்சு."

எண்ணிக்கையில் என்னை யாரும் திருத்தியதில்லை. அன்றிரவு தூங்கவில்லை. அதன் பிறகுதான் அந்தக் கண்ணாடி அறையும் தாளும். என் காது எங்கெங்கே எவ்வளவு இறங்கியிருந்ததோ, அங்கங்கே குமிழை ஏற்றிவைத்திருக்கிறேன். ஒன்பது நாள் நான் மவுத் ஆர்கனைச் சரிசெய்யவில்லை. தெரியாமல் என் செவிட்டை வரைந்துகொண்டிருந்திருக்கிறேன், அச்சாக.

இரண்டு வாரம் கழித்துப் பூந்தமல்லி மண்டபம். புதுக் காதுக்கருவிகளோடு மேடையேறினேன். மைக்கோடு சேர்த்துக் கையைக் குவித்து முகத்தருகே கொண்டுபோனதும் கருவிகளே கூவின. இரண்டையும் கழற்றிச் சட்டைப் பையில் போட்டேன். பெடலில் ஏகாம்பரம் வைத்த குமிழ்கள் அப்படியே. ஊதினேன். அதே கம்பளி. என் காது, ஏற்று ஏற்று என்றது. கால்பக்கம் குனியக்கூடப் பார்த்தேன். பின்னால் பந்தி வாசலில் ஏகாம்பரம் நின்றுகொண்டிருந்தான். துண்டைத் தோளில் போட்டான். பிறகு பக்கத்திலிருந்த தட்டிலிருந்து முந்திரிப்பருப்பு எடுத்துத் தின்ன ஆரம்பித்தான். நான் குனியவில்லை. பாட்டு முடியும்வரை அந்தத் துண்டைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. முடிந்தபோது கைகள் தட்டுவது தெரிந்தது. மண்டபத்தில் அவ்வளவு பேருக்கும் கேட்ட அந்த ஒலி, வாசித்த எனக்கு மட்டும் கேட்கவில்லை என்பதை நினைத்தால் இன்னும் வியப்பு அடங்கவில்லை.

என் நோட்டின் கடைசிப் பக்கங்களில், 'இல்லாமற்போனவை' என்று ஒரு பட்டியல் உண்டு. மொத்தம் முப்பத்தொன்று. குவார்ட்டர்ஸ் மேடை. வேர்க்கடலை வண்டி. ஏகாம்பரத்தின் புனல் ஸ்பீக்கர்கள். பன்னிரண்டு, தையல்சிட்டு: செல்போன் கோபுரம் வந்தபின் இல்லை என்று பூங்காவில் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். பத்தொன்பது, சிள்வண்டு. இருபத்தாறு, சரோஜாவின் மெட்டிச் சத்தம்: கால் வீக்கத்தால் கழற்றிவிட்டாள் போலும்; கேட்கப் பயம்.

விழாவுக்கு மறுநாள் காலை ஆறு ஐம்பதுக்குக் கருவிகளை மாட்டிக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கறிவேப்பிலைச் செடியில் தையல்சிட்டு கத்தியது. பின்னாலேயே மொசைக் தரையில் டிக், டிக் என்று காப்பி வந்தது. குனிந்து பார்த்தேன். இரண்டு காலிலும் மெட்டி இருந்தது.

"என்ன தேடுறீங்க?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

மாலையில் சிள்வண்டும் வந்தது. மூன்றையும் பென்சிலால் அடித்தேன். முப்பத்திரண்டு என்று புதிதாக ஒன்று சேர்த்தேன்: நான் வாசிக்கும் மவுத் ஆர்கன், என் காதால்.

மூன்று வந்தன, ஒன்று போனது. பெடல், இரண்டு காதுக்கும் கருவிகள், ஆறு மாத பேட்டரி, ஆக மொத்தம் எழுபத்தோராயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.