ஷபானாவின் சிவப்புப் பந்து

மார்ச் 14, வியாழக்கிழமை. வழக்கம்போல் மாலை ஐந்தரைக்கு ஆம்பூர் ஷூ கம்பெனி வாசலில் காவலாளியான நான், வேலை முடிந்து போகும் பெண்களின் பைகளைச் சோதித்தேன். அன்று புடைத்திருந்த தையல் பிரிவு ஷபானாவின் பையில், சிவப்புத் தோலில் தைத்த நீளமான பந்து இருந்தது.

“நம்ம தோலா?”

“இல்லக்கா, ஆஸ்திரேலியா ஃபுட்பால், கையிலயும் தூக்கிட்டு ஓடுற ஆட்டம். நாளைக்குக் காலைல சென்னையில ஸ்டேட் டீம் செலக்‌ஷன். டீம் வேன் இப்பவே கிளம்பிப் போய்டும், விடுக்கா.”

“ஃபுட்பால் சுரைக்காய் மாதிரியா இருக்கும்? யார்கிட்ட கதை விடுற?”

மேனேஜர் வரும்வரை அவளை நிறுத்திவைத்தேன். அவர் பந்தைத் தடவிப் பார்த்தார். “நம்ம தோல் இல்லம்மா. அனுப்பு.”

அதற்குள் வேன் போய்விட்டது. ஷபானா அழவில்லை. திறந்த பையை என்னிடம் நீட்டி, “இன்னொருவாட்டி பார்த்துக்கக்கா,” என்றாள்.

தோலையே பார்த்துப் பழகிய கண், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

மறுநாள் முதல் வேலையாக, விடியுமுன் அவளோடு சென்னை பஸ் ஏறினேன். தாமதத்துக்குக் காரணம் நான்தான் என்று தேர்வாளர்களிடம் நானே சொல்ல வேண்டும்.