முத்துவின் மணல் தொட்டி

முதல் அறிகுறி, என் கணவர் மடித்து வைத்திருந்த வேட்டியில் இருந்தது. ஈரம், கூடவே நாற்றம். இரண்டு வருடமாக மணல் தொட்டியைத் தவிர வேறெங்கும் ஒன்றுக்குப் போகாத பூனை எங்கள் முத்து. எனக்கு ஒன்றும் புரியவில்லை.

செங்கம் சாலையில் எங்கள் மாடி அறையில் குடியிருந்த வெளிநாட்டு அம்மா, ஒரு மாதத்துக்கு முன் தன் ஊருக்குத் திரும்பும்போது அவனை எங்களிடம் விட்டுப்போயிருந்தார். தொட்டியும் ஒரு மூட்டைக் காய்ந்த தீனியும்கூட அவர் கொடுத்ததுதான்.

"அந்தம்மா மேல கோவம். நம்ம மேல காட்டறான்," என்றார் கணவர்.

மறுநாள் அரிசி டின் பக்கத்தில். அதற்கடுத்த நாள் பூஜை அறை வாசலில். அங்கேதான் என் பொறுமை போனது. துடைப்பத்தால் ஓர் அடி வைத்தேன். அவன் ஓடவில்லை. அங்கேயே குந்தி முக்கினான். இரண்டு சொட்டு வந்தது, இளஞ்சிவப்பாக. அந்த அடியை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

கால்நடை மருத்துவமனையில் எங்களுக்கு முன்னால் இரண்டு மாடுகள் நின்றன. டாக்டர் முத்துவின் வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"கல்லாட்டம் இருக்குது. எப்பத்துல இருந்து ஒண்ணுக்குப் போகல?"

"வீடு பூரா போறானே டாக்டர்!"

"அது போறதில்லமா. போக முடியாம தவிக்கறது."

சிறுநீர்த்தாரை அடைப்பு (சிறுநீர் வெளிவரும் வழியை உப்புத் துகள்கள் அடைத்துக்கொள்வது). இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் உயிர் போயிருக்குமாம். மயக்க ஊசி போட்டு, கதீட்டர் (மெல்லிய குழாய்) செருகி அடைப்பை எடுத்தார்.

"தண்ணி எவ்ளோ குடிக்கறான்?"

தண்ணீர் வைத்தால்தானே? பூனை என்றால் பால். காலையில் அரை டம்ளர் ஊற்றினால் முடிந்தது. அந்த அம்மா வைத்திருந்த தண்ணீர்க் கிண்ணத்தை நானே கழுவிக் கவிழ்த்துவிட்டேன்.

"அதனாலதானா டாக்டர்?"

"தண்ணி கம்மியானா இது ஜாஸ்தியாகும். அது மட்டுந்தான்னு சொல்ல முடியாதுமா."

என் தப்பா இல்லையா? இன்றுவரை தெரியவில்லை.

முத்து பிழைத்தான். ஆனால் தொட்டியைக் கண்டாலே கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டான். மறுபடியும் அடைப்பா, வீம்பா? பயந்துபோய் டாக்டரிடம் ஓடினேன்.

"அதுல உக்காந்தப்பதான வலிச்சுது? தொட்டிதான் வலிக்க வெச்சுதுன்னு நெனைக்கறான். வேற தொட்டி வாங்கி வேற எடத்துல வைங்க."

வைத்தோம். நாலாம் நாள் காலை இட்லி ஊற்றிக்கொண்டிருந்தபோது மணல் பிறாண்டும் சத்தம் கேட்டது. கரண்டியோடு ஓடினேன். உள்ளங்கை அகலத்துக்கு மணல் நனைந்திருந்தது. அதைப் பார்த்து அழுதேன்.

உங்கள் பூனை கண்ட இடத்தில் போனால் துடைப்பத்தைத் தேடாதீர்கள். டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

வேங்கிக்காலில் என் அலுவலகத்தில், ஆண்களின் மேசைகளைத் தாண்டித்தான் கழிப்பறைக்குப் போகவேண்டும். அந்தக் கூச்சத்தில் பதினோரு வருடம் பகலில் தண்ணீரே குடிக்காமல், வந்தாலும் அடக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன். அடக்குவதை வலியாகவே நான் எண்ணியதில்லை. முத்துவுக்குப் பிறகு என்னால் அப்படி உட்கார முடியவில்லை. அடக்கி உட்காரும் ஒவ்வொரு நிமிஷமும் இப்போது அடிவயிற்றில் தெரிகிறது.

அடக்காமல் நான் எழுந்த முதல் நாள், மேலதிகாரி நிமிர்ந்து பார்த்தார். "எங்கமா கெளம்பிட்டீங்க?"

"ஒண்ணுக்கு சார்," என்றேன்.