அம்மாவின் லேப்டாப்புக்குப் புது ஸ்கிரீன்: முடிச்சூரிலிருந்து பொழிச்சலூர் வரை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை, சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அம்மா சொன்னார்: “லேப்டாப்ல எழுத்தெல்லாம் மங்கலா தெரியுதுப்பா.” வேறு எந்தப் பிள்ளையாக இருந்தாலும் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருப்பான். நான் ஸ்கிரீனை மாற்றக் கிளம்பினேன். வீட்டில் எனக்கு முந்திரிக்கொட்டை என்று ஒரு பெயர் உண்டு. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை.

அந்த லேப்டாப் ஏழு வருடம் முன்பு நான் வாங்கியது. 15.6 அங்குலம், 1366×768 ஸ்கிரீன். நான் புதிது வாங்கியதும் அது அம்மாவிடம் போய்விட்டது. அம்மா அதில் செய்வது ஒரே ஒரு வேலைதான். சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு, பழைய பங்குக் கோயில் தோழிகள் பதினொரு பேரும் வீடியோ காலில் கூடி ஜெபமாலை சொல்வார்கள். கூட்டத்தைத் திறப்பது, ஒவ்வொருவராக உள்ளே விடுவது, டிவி சத்தம் கேட்கிறவர்களின் மைக்கை அணைப்பது எல்லாம் அம்மாதான். அதில் பீர்க்கன்கரணை அருள்மேரி ஆன்ட்டி இடுப்பெலும்பு முறிந்து படுத்த படுக்கையாக இருப்பவர். அவருக்கு அந்த ஒரு மணி நேரம்தான் கோயில்.

வெள்ளி காலை 9.10க்குக் கிளம்பினேன். சர்வீஸுக்கு எடுத்துப் போகிறேன் என்று மட்டும் சொன்னேன். பளிச்சென்று புது ஸ்கிரீனைக் காட்டி அசத்த வேண்டும் என்று ஆசை. “நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள வந்துடணும்ப்பா, அவங்கல்லாம் காத்துக்கிட்டு இருப்பாங்க” என்றார் அம்மா.

முடிச்சூரிலிருந்து மேற்குத் தாம்பரம் ஐந்து கிலோமீட்டர். ஷேர் ஆட்டோ இருபது ரூபாய், இருபத்தைந்து நிமிடம். தாம்பரத்தில் ஏறி இறங்கிய இரண்டு கடைகளிலும் ஃபுல் எச்டி பேனல் இல்லை, ஆர்டர் போட்டால் மூன்று நாள் என்றார்கள். மூன்றாவது கடைக்காரர்தான் பொழிச்சலூரில் சேகர் என்பவரிடம் இருக்கும் என்று போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். தாம்பரத்திலிருந்து பல்லாவரத்துக்கு ரயில் ஐந்து ரூபாய், பன்னிரண்டு நிமிடம். வெள்ளிக்கிழமையாதலால் சந்தைக் கூட்டம் ஸ்டேஷன் படிக்கட்டு வரை நின்றது. லேப்டாப் பையைக் குழந்தை மாதிரி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மேற்குப் பக்கம் வந்து சேர்ந்தேன்.

“பொழிச்சலூர் போகுமாண்ணா?”

“ஏறு சார். பம்மல்ல நாலு பேரு நின்னுகினு கீறாங்க, கொஞ்சம் இட்ச்சிகினு உக்காரணும், பரவால்லியா?”

பரவாயில்லை என்றேன். பம்மலில் ஏறியது ஆறு பேர். இன்னொரு இருபது ரூபாய், அரை மணி நேரம்.

சேகரின் கடை அவர் வீட்டு முன் அறைதான். தலைக்கு மேல் விமானம் இறங்கும்போதெல்லாம் பேச்சை நிறுத்திவிட்டு, சத்தம் போனதும் விட்ட வார்த்தையிலிருந்து தொடங்குவார். பழைய பேனலைக் கழற்றி, பின்னால் இருந்த நம்பரையும் கேபிள் முனையையும் பார்த்தார். “முப்பது பின்னு சார். நம்மகிட்ட கீற பேனல் அப்படியே ஒக்காந்துக்கும்.” வேலையோடு சேர்த்து 4,800 ரூபாய், பழைய பேனலைக் கொடுத்தால் நானூறு கழிவு. கொடுத்துவிட்டேன்.

ஆனால் கழற்றுவதற்கு முன்னால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். ஸ்கிரீனைச் சுற்றியிருக்கும் கறுப்புச் சட்டத்தில் அங்கங்கே ஸ்டிக்கர் பொட்டுகள் ஒட்டியிருந்தன. அடியில் ஐந்து, வலப்பக்கம் மூன்று, மேலே ஒன்று. குளிக்கப் போகும்போது கண்ணாடியில் பொட்டை ஒட்டிவைக்கிற பெண்கள் வழக்கம்தான் இது என்று நினைத்துக்கொண்டேன். அப்பா போன பிறகு அம்மா பொட்டு வைப்பதே இல்லை என்பது அந்த நேரத்தில் என் மண்டையில் உறைக்கவில்லை. இந்தப் பதிவுக்காக ‘முன்’, ‘பின்’ என்று இரண்டு படம் எடுக்க வேண்டும். படம் சுத்தமாக வர வேண்டும். நகத்தால் ஒவ்வொன்றாகச் சுரண்ட ஆரம்பித்தேன்.

“அது பாட்டுக்கு இருக்கட்டுமே சார், பொட்டு இன்னா பண்ணுது உன்ன?” என்றார் சேகர். “அம்மா வச்சதுன்ற. ஒரு போனப் போட்டு கேட்டுக்கினு எடு.”

“இதுக்கெல்லாமா போன் பண்ணுவாங்க?” என்று சிரித்தேன். பசையைக்கூட அவரிடமிருந்த திரவத்தை வாங்கி நானே துடைத்தேன். ஒன்பதும் போயிற்று.

மதியம் மூன்றரைக்கு வீடு திரும்பினேன். அம்மா திறந்து பார்த்து, “நல்லா பளிச்சுன்னு இருக்குப்பா” என்றார். கொஞ்ச நேரம் சட்டத்தை விரலால் தடவினார். புதுசு என்பதால் தடவுகிறார் என்று நினைத்துக்கொண்டேன், மடையன்.

மறுநாள் ஐந்து மணிக்கு நான் பக்கத்து அறையில் அந்தப் படங்களைச் சரிசெய்துகொண்டிருந்தேன். “தெரசாக்கா, உங்க குரல் கேக்கலையே?” என்று அம்மாவிடம் ஒருவர், “யாரோ மிக்ஸி போடறாங்க, அணைங்கக்கா” என்று இன்னொருவர். அம்மாவின் குரல் மட்டும் வரவே இல்லை. எட்டிப்பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. முடிந்ததும் கேட்டதற்கு, “வந்தவங்கள்ல கொஞ்சம் பேரைத்தான் உள்ள விட முடிஞ்சுது. எங்க கூட்டத்து ஸ்டெல்லாதான் இன்னைக்கு நடத்தினா. இனிமே அவளே நடத்தட்டும்” என்றார். வயதாகிறது, ஓய்வு கேட்கிறார் என்று அதற்கும் நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன்.

அருள்மேரி ஆன்ட்டி மூன்று நாளாகப் போனை எடுக்கவில்லை. அம்மாவுக்கு முட்டிவலி, ஆட்டோ ஏற முடியாது. எலுமிச்சை ஊறுகாய் பாட்டிலைக் கொடுத்து என்னை அனுப்பினார். முடிச்சூரிலிருந்து பெருங்களத்தூர் வழியாகப் பீர்க்கன்கரணை, பைக்கில் இருபது நிமிடம்.

ஆன்ட்டி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். “சனிக்கிழமை ஒரு மணி நேரம் அந்தப் போனையே பாத்துட்டு இருந்தேன் தம்பி. ‘உள்ளே விடுவார்கள், காத்திருங்கள்’னு அதுல வந்துட்டே இருந்துச்சு. யாரும் விடல. உங்கம்மாவுக்கும் நான் பாரமாயிட்டேன் போலன்னு நெனச்சேன்.”

“ஐயோ ஆன்ட்டி, அப்படி இல்ல. அம்மாவுக்குப் புது ஸ்கிரீன் பழகல.”

“அவளுக்கா பழகல? எங்க எதுன்னு பொட்டு ஒட்டி வச்சிருக்காளே! மைக்குக்குச் செவப்பு, கேமராவுக்குப் பச்சை. ஆளை உள்ள விடறதுக்கு மஞ்சப் பொட்டு. அதுக்கு நேரா அம்பக் கொண்டுபோய்த் தட்டுவாளாம். ‘அவரு போனப்ப மிச்சமிருந்த பொட்டு அட்டைக்கு வேலை வந்துச்சுடி’ன்னு சொல்லிச் சிரிப்பா. உனக்குத் தெரியாதா?”

தெரியாது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எனக்குத் தெரியாது. ஊறுகாய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டே, “தப்பு என்னுதுதான் ஆன்ட்டி, பொட்டைச் சுரண்டினது நான்தான்” என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார். அது எனக்கு இன்னும் வலித்தது.

இதே மாதிரி மாற்ற நினைப்பவர்களுக்குச் சில விஷயங்கள். அதே அளவு ஸ்கிரீனில் புள்ளிகள் அதிகமானால் எழுத்தும் பொத்தானும் சிறிதாகும், இடமும் மாறும். செட்டிங்ஸில் 150 சதவீதம் வைத்தால் பெரிதாகும். ஆனால் பழைய இடத்துக்கு அச்சு அசலாகத் திரும்பாது. கேபிள் பின் எண்ணிக்கையை முதலில் பாருங்கள். பழைய பேனலைக் கழிவுக்குக் கொடுக்காதீர்கள். நான் அடுத்த வெள்ளி திரும்பப் போனபோது அது வேறு யார் லேப்டாப்பிலோ ஏறிப் போய்விட்டிருந்தது. “அம்மாவ ஒரு வார்த்த கேளுன்னு அன்னிக்கே சொன்னேனே சார்” என்றார் சேகர். வயதானவர்கள் எழுத்து மங்கல் என்றால் முதலில் கண் டாக்டர். அம்மாவுக்குப் பவர் கூடியிருந்தது, அவ்வளவுதான்.

திரும்பும் வழியில் பல்லாவரம் சந்தையில் பத்து ரூபாய்க்கு ஒரு பொட்டு அட்டை வாங்கி வந்தேன். எல்லாவற்றையும் பெரிதாக்கி வைத்து, “மறுபடி ஒட்டிக்கலாம்மா, நான் கூட இருக்கேன்” என்றேன். அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது வேற பொட்டுப்பா” என்றார். “ஸ்டெல்லாவும் நல்லாத்தான் நடத்தறா.” அருள்மேரி ஆன்ட்டி இப்போது மறுபடி வருகிறார், ஸ்டெல்லா ஆன்ட்டி உள்ளே விடுகிறார். அம்மா மற்றவர்களோடு ஒருவராக, போனில், மைக்கை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். லேப்டாப் மூடியபடி அலமாரியில் இருக்கிறது.

வழக்கமாக இந்த இடத்தில் முன், பின் என்று இரண்டு படங்கள் போடுவேன். எடுத்து வைத்திருக்கிறேன், நன்றாகத்தான் வந்திருக்கின்றன. ‘முன்’ படத்தில் சட்டம் துடைத்துவிட்டாற்போல் சுத்தமாக இருக்கிறது. அதனால் போடவில்லை.