வால்வை உடைத்தால் கேஸ் நிற்குமா?

என் அக்கா திலகவதியின் கணவர் பூவராகனுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததெல்லாம் சூப்பர்ஹீரோ காமிக்ஸ் விஷயத்தில்தான். குழம்பில் உப்பில்லை என்றாலும் வாய் திறக்காமல் சாப்பிட்டுவிட்டு எழுந்து போகிற மனிதர். பஸ்ஸில் யாராவது காலை மிதித்தால் இவர்தான் ‘பரவால்ல சார்’ என்பார். ஆனால் ஒரு ஹீரோ கடைசி இரண்டு பக்கத்தில் திடீரென்று புதுச் சக்தியைக் காட்டி வில்லனை அடித்துவிட்டால் போச்சு, அன்றைக்கு அந்த வீட்டில் யாரும் நிம்மதியாக டிவி பார்க்க முடியாது.

“இது பரீட்சையில பிட் அடிக்கிற வேலை மச்சான். அறுபது பக்கம் இல்லாத சக்தி கடைசியில எங்கேர்ந்து வந்துச்சு? எழுதுறவன் நம்மள என்னான்னு நெனச்சிக்கிட்டு இருக்கான்?”

மாமாவுக்கு வீடு குடிகாடு என்ற ஊரில். பக்கத்திலிருந்த ரசாயன ஆலை ஒன்றில் ஃபிட்டர். எனக்குச் சிதம்பரத்தில் டிராக்டர் உதிரிபாகக் கடையில் வேலை. லீவு கிடைத்தால் அக்கா வீட்டுக்கு வந்துவிடுவேன். வந்தால் சாப்பாட்டோடு காமிக்ஸ் விமர்சனமும் சேர்ந்துதான் கிடைக்கும்.

வெளிநாட்டு ஹீரோக்கள் மேல் அவருக்கு அவ்வளவாக மரியாதை கிடையாது. “உலகத்தக் காப்பாத்துறானாம். மொதல்ல ஒரு தெருவக் காப்பாத்திக் காட்டட்டும்” என்பார். வில்லனின் அடியாட்களைப் பற்றித்தான் கவலை அதிகம். நூறு பேர் ஒரே மாதிரி உடை போட்டு நிற்கிறார்களே, அதைத் தைத்துக் கொடுத்தது யார்? மலைக்குள் இருக்கும் அந்த ரகசியக் கோட்டையில் கேன்டீன் உண்டா? அடிபட்டால் ஈ.எஸ்.ஐ. உண்டா? இதையெல்லாம் யோசிக்காதவன் கதையே எழுதக்கூடாது என்பது அவர் கட்சி.

அவரிடம் பாஸ் மார்க் வாங்கிய ஒரே எழுத்தாளர் ராமாமிர்தம். ஒரு மாத இதழில் ‘சாம்பல்பருந்து’ என்ற ஹீரோவை எழுதிவந்தார். சாம்பல்பருந்து பத்து நிமிடம் பறந்தால் களைத்துவிடுவான். ஏதாவது டீக்கடைக்குப் பின்னால் இறங்கி இரண்டு வடை தின்றுவிட்டுத்தான் மறுபடி கிளம்புவான். “பறந்தா தோள் வலிக்கும்னு எழுதின ஒரே ஆளு மச்சான். இவரு வேலை பாக்குறவங்கள பாத்திருக்காரு” என்று மாமா உருகுவார். தன் அண்ணனைப் பற்றிக்கூட அவர் இப்படிப் பேசி நான் கேட்டதில்லை.

அதனால்தான் 2005-இல் வந்த அறுபத்தோராம் இதழ் அவரை அப்படிச் சுட்டுவிட்டது. கதையில் ஒரு ஆலையில் விஷவாயு கசிகிறது. சாம்பல்பருந்து பறந்து வருகிறான், வால்வை ஓங்கி ஒரு குத்து விடுகிறான், வால்வு தூள் தூளாகிறது, கேஸ் நின்றுவிடுகிறது. சுபம்.

ஷிஃப்ட் முடிந்து வந்தவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. “வால்வ ஒடைச்சா கேஸ் நிக்குமாடா? மொத்தமால்ல பீறிக்கிட்டு வரும்! ஊரே காலி ஆயிடும்!” என்று என்னைப் பார்த்துக் கத்தினார். நானா எழுதினேன்?

அன்று சாயங்காலமே கடிதம் எழுதி முடித்து, எனக்கு வாசித்தும் காட்டினார். கடைசி வரிகள் இப்போதும் நினைவிருக்கின்றன. ‘நீங்கள் ஒரு ஆலையின் வாசலைக்கூட மிதித்ததில்லை. எழுத வராதவர் எழுதாமல் இருப்பதே வாசகனுக்குச் செய்யும் உபகாரம். பேனாவை மூடி வைத்துவிடுங்கள்.’

“மாமா, காரம் கொஞ்சம் ஜாஸ்தி இல்ல?”

“ஜாஸ்தியா? கொறச்சிதான் எழுதியிருக்கேன். நீ சிதம்பரத்துல பெரிய தபாலாபீஸ் பெட்டியில போடு. சீக்கிரம் போவும்.”

மறுநாள் காலை சிதம்பரத்தில் ஆனித் தேர். பஸ்ஸை ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிட்டார்கள். ஜனக்கூட்டத்தில் நீந்திக் கடைக்குப் போய்ச் சேர்வதற்குள் பதினோரு மணி. அடுத்த தடவை அக்கா வீட்டுக்குப் போனபோது, “போட்டியா?” என்று மாமா கேட்டார். “போட்டாச்சு” என்றேன். சொன்னது எனக்கே உண்மையாகப் பட்டது.

அடுத்த இரண்டு மாதம் இதழில் சாம்பல்பருந்து இல்லை. பிறகு ஒரு சின்னக் கட்டம். ‘கதாசிரியர் ராமாமிர்தம் சொந்தக் காரணங்களால் இனி எழுதமாட்டார். சாம்பல்பருந்து இத்துடன் நிறைவடைகிறது.’

அதோடு மாமாவின் வாயும் நிறைவடைந்தது. சாம்பல்பருந்து வந்த அறுபத்தோரு இதழையும் பிஸ்கட் டின்னில் போட்டு மூடினார். புதிதாக ஒன்றும் வாங்கவில்லை. நானே வலிய ஏதாவது ஹீரோவைப் பற்றிப் பேச்செடுத்தால், “நல்லாத்தான் எழுதியிருப்பாங்க” என்று எழுந்து போய்விடுவார். “இந்த மனுஷன் சண்ட போட்டாக்கூடத் தேவல தம்பி. வீடே வெறிச்சுனு இருக்கு” என்று அக்கா புலம்பினாள்.

காரணம் எனக்கு 2009-இல்தான் தெரிந்தது. திருவந்திபுரம் கோயிலில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தோம். கெடிலம் ஆற்றுப் படியில் உட்கார்ந்திருந்தபோது மாமா தானாகவே ஆரம்பித்தார்.

“பேனாவ மூடி வைன்னு எழுதினேன். அந்த ஆளு மூடி வச்சிட்டாரு. அறுபது கதை நல்லா எழுதினவரு மச்சான். அப்பெல்லாம் நல்லாருக்குன்னு ஒரு வரி எழுதிப் போட எனக்குத் தோணல. ஒரு வால்வுக்கு மட்டும் எழுதினேன்.”

“உங்க ஒரு கடுதாசிக்கா அவரு விட்டுட்டுப் போயிருப்பாரு?” என்று சமாதானம் சொன்னேன். அவர் முகம் தெளியவில்லை. அவ்வளவு நல்ல மனிதர் நான்கு வருடமாக இதைத் தனியாகச் சுமந்திருக்கிறார்.

2011 கடைசியில் ‘தானே’ புயல் வந்தது. குடிகாட்டு வீட்டில் பாதிக் கூரை போய்விட்டது. உதவிக்குப் போனேன். மாமா மேலே புது ஷீட்டுக்கு போல்ட் முடுக்கிக்கொண்டிருந்தார். பரணிலிருந்து நனைந்த சாமான்களை இறக்குவது என் வேலை. அதில் என் பழைய ரெக்சின் பையும் இருந்தது. ஜிப் அறுந்துபோனதென்று எப்போதோ நான் அங்கே விட்டுப்போனது. குப்பையில் போடுவதற்குமுன் கையை விட்டுப் பார்த்தேன். பின்பக்க உறையில் ஒரு கவர். ஓரம் மட்டும் ஈரம். மாமாவின் கையெழுத்து. தபால்தலைமேல் முத்திரை இல்லை.

வாசலில் கொளுத்திவிட்ட நனைந்த குப்பை புகைந்துகொண்டிருந்தது. அதில் போட்டால் இரண்டு நிமிடத்தில் சாம்பல். போட்டாச்சு என்று சொன்ன வாய், ஆறரை வருடம் கழித்து என்ன சொல்லும்? கொஞ்ச நேரம் புகையையே பார்த்துக்கொண்டு நின்றேன். ஆற்றுப் படியில் அன்று அவர் முகம் இருந்த இருப்பு நினைவுக்கு வந்தது.

“மாமா, கொஞ்சம் எறங்கி வாங்க.”

ஏணியில் இறங்கி வந்தார். கவரை நீட்டினேன். “அன்னைக்கு நான் போடல மாமா. பொய் சொல்லிட்டேன். மறந்தே பூட்டேன்.”

அறை விழும் என்று நினைத்தேன். மாமா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஒட்டின இடத்தை நகத்தால் தடவினார். தபால்தலையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“அப்ப அவரு இதப் படிக்கல?”

“படிக்கல.”

“சத்தியமா?”

“சத்தியமா மாமா.”

அப்படியே ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்துவிட்டார். கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரிப்பும் வந்துவிட்டது. “நல்லவேள மச்சான், நல்லவேள” என்று என் தொடையில் தட்டிக்கொண்டே இருந்தார். அக்கா கரண்டியோடு ஓடிவந்து, “என்னா ஆச்சு, அடிபட்டுச்சா?” என்று பதறினாள். கடிதத்தைத் தன் கையாலேயே புகைகிற குப்பையில் போட்டார் மாமா.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பிஸ்கட் டின் திறந்தது. அக்கா டிவியை நிறுத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். மாமா அறுபத்தோராம் இதழை மடியில் வைத்துக்கொண்டு, இதழ் அலுவலக முகவரிக்கு ஒரு தபால் அட்டை எழுதினார். ‘திரு. ராமாமிர்தம் அவர்களுக்குச் சேர்க்கவும். பறந்தால் தோள் வலிக்கும் என்று எழுதியதற்கு நன்றி. அறுபத்தோரு இதழும் பத்திரமாக உள்ளன.’

“குடுங்க மாமா, நாளைக்கு சிதம்பரத்துல போட்டுடறேன்” என்று கையை நீட்டினேன்.

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். அட்டையைத் தன் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு சைக்கிள் சாவியை எடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி நின்றார்.

“எல்லாம் சரி மச்சான். ஆனா வால்வ ஒடைச்சா கேஸ் நிக்குமா? நீயே சொல்லு.”